காற்றிலிருந்து நைத்திரேற்று: ஆய்வு மேசையில் குளிர் பிளாஸ்மாவை அமைத்து, அளந்து, கணக்குப் பார்க்கும் முறை

பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்த தொழிற்சாலை அது. 1950களில் தொடங்கி 1980களில் போரினால் நின்று போகும் வரை அங்கே இரசாயன மாற்றத்தைச் செய்தது நெருப்பன்று, மின்சாரம். ஆகவே, இரசாயன உற்பத்தியை மின்மயமாக்குவது என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இந்த மண்ணுக்கு முற்றிலும் புதிய செய்தியல்ல. புதியது, கரைசலை விட்டு வாயுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அறை வெப்பநிலைக்கு அண்மையிலேயே கடினமான இரசாயனப் பிணைப்புகளை உடைக்க முனையும் குளிர் பிளாஸ்மா என்ற வழி. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ படிக்கும் ஒரு பொறியியல் மாணவரோ, ஆய்வுகூடப் பொறுப்பாளரோ இதைச் சிறிய அளவில் அமைத்துப் பார்க்க விரும்பினால், எங்கே தொடங்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எந்த இடத்தில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் கூடும் என்பதை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் தாக்கம் ஒன்றே: காற்றிலுள்ள நைதரசனை ஒட்சிசனோடு சேர்த்து நைத்திரேற்று ஆக்குவது. காபனீரொட்சைட்டைக் காபனோரொட்சைட்டாகப் பிரிப்பதற்கும், சாண எரிவாயுவிலுள்ள மெதேனை மாற்றுவதற்கும் இதே கருவியும் இதே அளவீட்டு முறையும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் காற்றுக்கு உருளை வாங்க வேண்டியதில்லை. பசளைத் தட்டுப்பாடு என்றால் என்னவென்று 2021 இல் நாம் எல்லோரும் பட்டுத்தான் அறிந்தோம்.

முதலில், குளிர் பிளாஸ்மா என்பதில் எது குளிர் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வலிய மின்புலத்தில் வாயு அயனாகும்போது, மிக இலேசான இலத்திரன்கள் முதலில் வேகம் பெறுகின்றன. அவற்றின் சராசரிச் சக்தி சில இலத்திரன் வோல்ற்று வரை உயரும். ஓர் இலத்திரன் வோல்ற்று என்பது ஏறத்தாழ 11,600 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம். பாரமான மூலக்கூறுகளோ அந்த மோதல்களால் பெரிதாகச் சூடேறுவதில்லை. எனவே, இலத்திரன்கள் பல்லாயிரம் பாகையிலும், வாயு கையால் தொடக்கூடிய சூட்டுக்குச் சற்று மேலேயும் ஒரே குழாய்க்குள் இருக்கின்றன. நைதரசன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை நேரடியாக உடைக்க 9.8 இலத்திரன் வோல்ற்று வேண்டும். ஆனால் அதை அதிரச் செய்ய ஒரு படிக்கு 0.29 இலத்திரன் வோல்ற்றே போதும். அப்படி அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறை ஓர் ஒட்சிசன் அணு எளிதாகத் தாக்கி நைத்திரிக்கொட்சைட்டை உருவாக்கும். மிஞ்சும் நைதரசன் அணு இன்னோர் ஒட்சிசன் மூலக்கூறைத் தாக்கும். இந்தச் சங்கிலிக்குச் செல்டோவிச் பொறிமுறை என்று பெயர். மின்சாரம் எந்த அளவுக்கு அதிர்வாகவும், எந்த அளவுக்கு வெறும் சூடாகவும் போகிறது என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

கட்டுவதற்கு முன் தாளில் செய்ய வேண்டிய கணக்கு

கருவி வாங்கும் முன் ஒரு மாலைப்பொழுதைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். இன்று உலகின் நைதரசன் பசளை ஏபர்–பொஷ் முறையில் வருகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஐதரசனைப் பிரித்து, 400 முதல் 500 பாகை செல்சியசில், 150 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தில், இரும்பு ஊக்கியின் மேல் நைதரசனோடு இணைக்கிறார்கள். ஒரு தொன் அமோனியாவுக்கு ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. ஆனாலும் சக்திச் செலவு என்று பார்த்தால் அது மிகச் சிக்கனமான முறை, ஒரு மூல் நைதரசன் அணுவுக்கு ஏறத்தாழ அரை மெகாயூல்தான். அதற்கு முன்னரே, 1903 இல், நோர்வேயில் கிறிஸ்டியன் பேர்க்லண்டும் சாம் ஐடேயும் காந்தப்புலத்தால் தட்டுப் போல விரிக்கப்பட்ட மின்வில்லில் காற்றை எரித்து நைத்திரிக்கமிலம் செய்தார்கள். 1905 இல் நோட்டொடன் என்ற ஊரில், அருவி மின்சாரத்தில், அது தொழிற்சாலையாகவே ஓடியது. அதற்கு மூலுக்கு 2.4 மெகாயூலுக்குக் குறையாமல் செலவானது. அது சூடான பிளாஸ்மா. வாயு வேகத்தில் வழுக்கிச் செல்லும் மின்வில்லான இன்றைய வழுக்குவில் போன்ற, சூட்டுக்கும் குளிருக்கும் இடைநிலைப் பிளாஸ்மாக்களின் நல்ல பெறுபேறுகளும் 2 மெகாயூலை ஒட்டியே நிற்கின்றன.

இந்த 2.4 என்ற எண்ணை நம் வீட்டு அலகுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோகிராம் நைதரசனில் 71 மூல் அணுக்கள் இருக்கின்றன. அதற்கு 171 மெகாயூல், அதாவது ஏறத்தாழ 48 அலகு மின்சாரம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதே நைதரசனைப் பிளாஸ்மாவில் பிடிக்க 1,100 அலகு வேண்டும். நாளொன்றுக்கு 20 அலகு தரும் ஒரு 5 கிலோவாற்றுச் சூரியத் தகட்டுத் தொகுதி 55 நாட்கள் உழைத்தால் ஒரு மூடை. இந்தக் கணக்கைப் பார்த்த பின்னும் ஆர்வம் குன்றாதவர்களே மேலே படிக்கலாம். ஏனெனில், நன்மை இருக்கும் இடம் குறுகலானது. எரிவாயுவும் உயரமுக்கமும் கப்பலும் இல்லாமல், சூரியன் வரும்போது இயங்கிப் போகும்போது நிற்கும் ஒரு சிறு கருவி, வேறெங்கும் போகாமல் வீணாகும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் இடம் அது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நிலக்கரி மின்சாரத்தில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும் என்று வைத்தால், பிளாஸ்மாவில் பிடித்த ஒரு கிலோ நைதரசனுக்கு நாற்பது கிலோவுக்கு மேல் புகையாகும். ஏபர்–பொஷ் முறையிலோ இரண்டரைக் கிலோவுக்குள் முடிகிறது. மேசையில் ஊதா ஒளி எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும், அந்த மின்சாரம் நுரைச்சோலை நிலக்கரி உலையிலிருந்து வந்தால் அது காபன் குறைப்பல்ல, இருபது மடங்கு காபன் பெருக்கம். மன்னாரின் காற்றாலைகளும் கூரைச் சூரியத் தகடுகளும் இங்கே பேச்சுக்கு அலங்காரமல்ல. அவை இல்லாவிட்டால் இந்த முயற்சிக்கு நியாயமே இல்லை.

தாக்கக் குழாய்

தொடக்கத்துக்கு மின்காப்புத் தடுப்பு மின்னிறக்கம் என்ற வகையே ஏற்றது. 1857 இல் வேர்ணர் வொன் சீமன்ஸ் ஓசோன் செய்வதற்கு அமைத்த குழாயின் நேர் வாரிசு அது. இரண்டு மின்வாய்களுக்கிடையில் கண்ணாடியோ குவாட்சோ ஒரு தடுப்பாக நின்று, மின்னோட்டம் ஒரே தடித்த பொறியாகப் பாய்ந்துவிடாமல், ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளாகச் சிதறி, நனோ செக்கன்களில் அணைந்து போகச் செய்கிறது. நைத்திரேற்றுக்கு இது சிக்கனமான வகை அல்ல; மூலுக்கு 10 மெகாயூலைத் தாண்டுவதே வழமை. ஆனாலும் அளவீட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசான் இல்லை. கற்ற பின் வழுக்குவில்லுக்கு மாறலாம்.

வெளிவிட்டம் 22 மில்லிமீற்றரும் உள்விட்டம் 18 மில்லிமீற்றரும் உள்ள குவாட்சுக் குழாய் ஒன்றையும், 14 மில்லிமீற்றர் விட்டமுள்ள துருப்பிடிக்காத உருக்குத் தண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டால், இடையில் 2 மில்லிமீற்றர் வாயு இடைவெளி கிடைக்கும். குழாயின் வெளியே 100 மில்லிமீற்றர் நீளத்துக்குக் கம்பி வலையைச் சுற்றினால் பிளாஸ்மா நிரம்பும் கனவளவு 10 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் காற்று அதில் 0.6 செக்கன் தங்கும். தண்டை மையத்தில் பிடிக்கும் இரு முனை மூடிகளையும் தெப்லோனில் கடைந்துகொள்ளுங்கள். தண்டு அரை மில்லிமீற்றர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் இழைகள் எல்லாம் அந்தப் பக்கத்துக்கே ஓடி, குழாயின் ஒரு கோடு மட்டும் சூடாகும்.

வலை கண்ணாடியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதை நான் ஒரு குழாயை இழந்துதான் கற்றேன். சிக்கனம் கருதி வலைக்குப் பதில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தேன். ஒரு விளிம்பு சற்றுத் தூக்கி நின்றது. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சிக்கிய காற்றிலும் மின்னிறக்கம் ஏற்பட்டு, கால் மணிநேரத்தில் அந்த இடத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது. மறுகணம் பொறி நேராகத் தண்டில் பாய்ந்தது. வெள்ளிப் பசையைப் பூசி அதன் மேல் வலையை இறுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. மாரி காலத்தில் இன்னொரு தொல்லை வரும். கார்த்திகை மழையில் அறைக்குள் ஈரம் ஏறியதும், குழாயின் மேற்பரப்பில் படிந்த நீர்ப்படலத்தின் வழியே மின்சாரம் வலையிலிருந்து முனை மூடிவரை ஊர்ந்து செல்லும். வலையின் விளிம்புக்கும் மூடிக்கும் இடையில் ஆறு, ஏழு சென்ரிமீற்றர் வெறுங்கண்ணாடியை விட்டு, ஒவ்வொரு நாளும் அற்ககோலால் துடையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி அதே வேலையைச் செய்யும். உள்ளே போகும் காற்றுக்கும் வடிகட்டி வேண்டும்.

மின்வழங்கல்

இந்த இடைவெளியில் காற்றை உடைக்க உச்ச வோல்ற்றளவு 10 கிலோவோல்ற்று அளவில் வேண்டும். பழைய நியோன் விளக்கு நிலைமாற்றியை மாட்டினால் ஒளி தெரியும். ஆனால் 50 ஹேர்ட்சில் இந்தக் குழாய் ஒரு வாற்றை ஒட்டித்தான் எடுக்கும், ஏனெனில் ஒவ்வொரு சுற்றுக்கும் செலவாகும் சக்தி மாறாதது. 5 கிலோஹேர்ட்சுக்கு ஏற்றினால் அதே குழாய் நூறு மடங்கு வலுவை எடுக்கும். ஆகவே, மீடிறனை மாற்றக்கூடிய கிலோஹேர்ட்சு உயரழுத்த வழங்கி ஒன்றைப் பெற்றுக்கொள்வதே சரி. இதைத் தனியாக இருந்து செய்யக் கூடாது. உயர் வோல்ற்றளவு உள்ள பகுதி முழுவதும் கதவைத் திறந்தால் மின் துண்டிக்கப்படும் கூட்டுக்குள் இருக்க வேண்டும். புவித்தொடுப்பு வீட்டுச் சொருகியை நம்பாமல் தனியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். காய்ந்த வன்னி மண்ணில் ஆடி, ஆவணியில் புவிக்கோலின் தடை எவ்வளவு ஏறும் என்பதை அளந்து பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். நிறுத்திய பின், காப்பிட்ட கோலால் கொள்ளளவிகளைக் குறுக்கிணைத்த பிறகே கை வைக்க வேண்டும். வெளியேறும் வாயுவில் ஓசோனும் நைதரசனீரொட்சைட்டும் இருப்பதால், அதைக் குழாய் மூலம் வெளிக்காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓசோனின் மணம் சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். மணம் போய்விட்டது என்பதை வாயு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வலுவை அளப்பது

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் வழி தவறுகின்றன. வழங்கியின் முகப்பிலுள்ள எண்ணைப் பார்த்து எழுதுவது அளவீடல்ல. குழாய் ஒரு கொள்ளளவியைப் போல நடந்துகொள்வதால் வோல்ற்றளவும் மின்னோட்டமும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். மின்னோட்டமோ நனோ செக்கன் ஊசிகளாக வரும். அவற்றைப் பெருக்கிச் சராசரி எடுக்கப் போனால், விலை உயர்ந்த அலைவுகாட்டியே தடுமாறும். 1943 இல் மன்லி என்ற ஆய்வாளர் காட்டிய வழி எளிது. வலையைப் புவியோடு நேரே இணைக்காமல், இடையில் 100 நனோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைத் தொடராகப் போடுங்கள். நம் குவாட்சுக் குழாயின் தடுப்புக் கொள்ளளவம் ஏறத்தாழ 100 பிக்கோபரட்டுத்தான். எனவே, ஆயிரம் மடங்கு பெரிய இந்தக் கொள்ளளவி குழாயின் நடத்தையை மாற்றாது. அதன் குறுக்கே 10 வோல்ற்று அளவில் மட்டுமே தோன்றும். அந்த வோல்ற்றளவைக் கொள்ளளவத்தால் பெருக்கினால் குழாயினூடாகச் சென்ற ஏற்றம். அலைவுகாட்டியில் குறுக்கச்சில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைக்கும் உயரழுத்தச் சலாகையின் வோல்ற்றளவையும், நிலையச்சில் ஏற்றத்தையும் வரைந்தால், சாய்ந்த இணைகரம் ஒன்று தோன்றும். அதன் பரப்பு ஒரு சுற்றுக்குச் செலவான சக்தி. மீடிறனால் பெருக்கினால் வலு. இணைகரம் வாழைக்காய் போல வட்டித்திருந்தால் தண்டு சாய்ந்திருக்கிறது, அல்லது வலையின் விளிம்பில் ஊர்ச்சி இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

சுவர்ச் சொருகியில் ஓர் அலகுமானியையும் வைத்து, இரண்டையும் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கமாக எழுதுங்கள். குழாய்க்குள் 30 வாற்றும் சுவரில் 70 வாற்றும் காட்டினால், மிச்சம் 40 வாற்று வழங்கியின் சூடு. ஆய்வுக் கட்டுரைகள் முதல் எண்ணைப் பேசும். மின்கட்டணப் பட்டியல் இரண்டாவதைப் பேசும்.

நைத்திரேற்றைப் பிடித்து எண்ணுவது

வெளிவரும் வாயுவை மூன்று கழுவு போத்தல்களினூடாகத் தொடர்ச்சியாக விடுங்கள். ஒரு போத்தல் போதாது, ஏனெனில் நைத்திரிக்கொட்சைட்டு நீரில் அரிதாகவே கரையும். அது நைதரசனீரொட்சைட்டாக மாறிய பின்னரே நீர் அதைப் பிடிக்கும். கடைசிப் போத்தலில் சிறிது ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்தால் தப்பிப்போவதும் அகப்படும். முதல் போத்தலுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். நம் கிணறுகள் பலவற்றில் இருகாபனேற்று மிகுதி. அமிலம் சேரச் சேர அது நடுநிலையாக்கிக்கொண்டே இருக்கும், பீஎச் மானி அசையாது, எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக் கருவியைக் கழற்றிவிடுவீர்கள். வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். அதிலும் பீஎச் மாற்றத்தை அறிகுறியாக மட்டும் கொண்டு, நைத்திரேற்றையும் நைத்திரைற்றையும் நிறமானியாலோ சோதனைத் தாளாலோ தனித்தனியே எண்ணுங்கள். பிளாஸ்மாவை ஏற்றாமல் அதே காற்றை அதே நேரம் விட்டு ஒரு வெற்றுச் சோதனை செய்வதும் கட்டாயம்.

ஓர் எடுத்துக்காட்டு: 30 வாற்றில் ஒரு மணிநேரம் ஓட்டினால் 108 கிலோயூல் செலவு. போத்தல்களில் மொத்தம் 5 மில்லிமூல் நைதரசன் அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூலுக்கு 21.6 மெகாயூல், பேர்க்லண்டின் நூற்றாண்டுப் பழைய வில்லைவிட ஒன்பது மடங்கு மோசம். சுவர் அலகின்படி 50 மெகாயூல். இந்த எண்ணைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இதைக் குறைக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். காற்றோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். லீற்றருக்குப் போகும் சக்தி குறையும், பெரும்பாலும் செறிவும் குறையும். இடைவெளியில் அலுமினா மணிகளை நிரப்பிப் பாருங்கள். மின்புலமும் மேற்பரப்பும் மாறுவதால் விளைவு கூடலாம். மணிகளை நிரப்பினால் வாயு தங்கும் நேரமும் குறைந்துவிடும் என்பதை மறந்து, கூடியதெல்லாம் ஊக்கியின் திறமை என்று எழுதிவிடக் கூடாது.

காபன் குறைப்பைப் பற்றிப் பேசுவதாயின் இன்னொரு வாயுவையும் எண்ண வேண்டும். குழாய் குளிர்ந்திருக்கும்போது, குறைந்த வலுவில், காற்றிலிருந்து ஓசோனோடு நைத்திரசொட்சைட்டும் (N₂O) உருவாகும். அது நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. நீரில் நைத்திரேற்றாக அகப்படாமல் வெளியேறிவிடும். வலுவைக் கூட்டி வாயு சூடேறும்போது ஓசோன் அழிந்து, நைத்திரிக்கொட்சைட்டின் பங்கு உயரும். ஆகவே, குளிராக இருப்பதே சிறப்பு என்ற எண்ணத்தைச் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வெளியேறும் வாயுவை அகச்சிவப்பு நிறமாலைமானியில் ஒரு முறையாவது பார்க்காமல், பசுமைத் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம்.

மேசையிலிருந்து வயலுக்கு

அளவீடு கைவந்த பின், மின்காப்புத் தடுப்புக் குழாயை வைத்துவிட்டு, கத்திபோல விரியும் இரு மின்வாய்களுக்கிடையில் வாயு வேகத்தால் வில்லை இழுத்துச் செல்லும் வழுக்குவில்லுக்கு மாறலாம். வலு அளக்கும் முறையும் மாறும். அங்கே கொள்ளளவித் தந்திரம் செல்லாது, வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் கணத்துக்குக் கணம் பெருக்க வேண்டும்.

விளைபொருளைக் கொண்டுபோய் எங்கே ஊற்றுவது என்பதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வெள்ளம் நிற்கும் நெல் வயலில் அல்ல. நீர் நிறைந்த சேற்றில் ஒட்சிசன் இல்லாததால், நுண்ணுயிர்கள் நைத்திரேற்றையே மூச்சாகப் பயன்படுத்தி நைதரசன் வாயுவாகத் திருப்பி அனுப்பிவிடும். 48 அலகு கொடுத்துப் பிடித்தது குமிழியாகப் போகும். நெல்லுக்கு யூரியாவும் அமோனியம் உப்புகளும் போடப்படுவதற்கு இது ஒரு காரணம். மிளகாய், வெங்காயம், கத்தரி போன்ற மேட்டுநிலப் பயிர்களுக்குச் சொட்டு நீரோடு கலந்து கொடுப்பதே பொருந்தும். சூரிய மின்சாரம் மிஞ்சும் சிறுபோகக் காலத்தில் இந்தப் பயிர்கள் நிலத்தில் இருப்பதால், சேமித்து வைக்கும் தொல்லையும் குறையும்.

இதைவிடவும் நல்ல இடம் மாட்டுப் பட்டி என்று நினைக்கிறேன். நோர்வேயில் பண்ணைச் சாணக் கரைசலினூடாகப் பிளாஸ்மா வாயுவைச் செலுத்தும் கருவிகளைச் செய்திருக்கிறார்கள். சாணமும் சலமும் சேர்ந்த கரைசலிலிருந்து அமோனியா எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பிளாஸ்மாவிலிருந்து வரும் அமில வாயு அதில் கரையும்போது, அந்த அமோனியா அமோனியம் நைத்திரேற்றாகக் கட்டுப்பட்டு நின்றுவிடும். காற்றிலிருந்து பிடித்த ஒவ்வொரு நைதரசனும், தப்பிப் போகவிருந்த இன்னொன்றையும் பிடித்து நிறுத்துகிறது. அலகுக்கணக்கு அந்த அளவுக்கு இளகுகிறது. செய்து பார்ப்பதற்கு, கழுவு போத்தல்களுக்குப் பதிலாக, துணியில் வடித்த சாணக் கரைசல் ஒரு லீற்றரை வைத்து, நுரை பொங்குவதற்குப் போதிய வெற்றிடம் விட்டு, அதே அளவு கரைசலை வாயு விடாமல் பக்கத்தில் மூடாது வைத்து, இரண்டிலுமுள்ள அமோனியத்தைப் பத்து நாட்களுக்கு நாளாந்தம் அளந்து எழுதுங்கள்.